குழந்தையை யார் கூட்டிப் போவது என்றும் உத்தரவில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விவாகரத்து வழக்குகள் பெருகிவிட்டதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி எழுதுகிறீர்கள். யார் மேல் தப்பு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லையா, செல்போன்தான் காரணமா என்றெல்லாம் வருகிறது, படிக்கிறேன். ஆனால் பிரிந்த பிறகு நடப்பதைப் பற்றி, அதாவது ஒரு சின்னக் குழந்தை சனிக்கிழமை ஒரு வீட்டிலிருந்து கிளம்பி இன்னொரு வீட்டுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும் விஷயத்தைப் பற்றி, யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். குழந்தையை ஒப்படைப்பதும் திரும்ப வாங்கிக்கொள்வதும் அப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் நின்று செய்தே ஆக வேண்டிய வேலை கிடையாது. இரண்டு பேரும் நம்புகிற வேறு யாராவது செய்யலாம். அந்த ஆளின் பெயரை நீதிமன்ற உத்தரவிலேயே எழுதிவிட வேண்டும். அப்படி ஆள் அகப்படாதவர்களுக்கு அரசாங்கம் ஒரு இடத்தையும் ஒரு ஆளையும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நான் அப்படிக் கூட்டிக்கொண்டு போய்வரும் ஆள். குழந்தைக்கு அத்தை, அப்பாவின் அக்கா. சீரியலில் குடும்பத்தைப் பிரிப்பதற்கென்றே வைத்திருப்பார்களே, அந்த நாத்தனார். தம்பி மனைவி முதலில் கொடுத்த புகாரில் மாமியார் பெயருக்கு அடுத்து என் பெயரும் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள், அந்தக் கதை இங்கே வேண்டாம். அதே பெண்தான் பின்னால் நீதிமன்றத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் முன்னால் உட்கார்ந்து, "அண்ணி வந்தா குழந்தைய அனுப்புறேன், அவர் வந்தா கதவத் திறக்க மாட்டேன்" என்றாள். எங்கள் வக்கீல் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவளுக்கு என் மேல் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் குழந்தைக்கு இளைப்பு வந்தால் நான் ராத்திரி முழுக்க முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள், அது போதுமாக இருந்தது.

விசிட்டேஷன் உத்தரவு, அதாவது பிரிந்திருக்கும் அப்பாவோ அம்மாவோ குழந்தையைப் பார்க்க நீதிமன்றம் கொடுக்கும் உத்தரவு, அதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு மனுதாரர் எதிர்மனுதாரர் வீட்டுக்குச் சென்று மைனர் குழந்தையை அழைத்துச் செல்லலாம், ஞாயிறு மாலை 5 மணிக்குள் திரும்ப ஒப்படைக்க வேண்டும், இவ்வளவுதான் இருக்கும். தேதி இருக்கும், நேரம் இருக்கும், இடம் இருக்கும். அப்பாவுக்கு அன்றைக்கு ஷிஃப்ட் என்றால்? அம்மா வாசலுக்கு வரவே பயப்பட்டால்? மழையில் ரயில் நின்று ஐந்தரை ஆகிவிட்டால்? எதுவும் இருக்காது. அதற்கெல்லாம் தனியாக ஒரு ஐ.ஏ., அதாவது இடைக்கால மனு, போட வேண்டும், அதற்கு வாய்தா மேல் வாய்தா, உத்தரவு வருவதற்குள் குழந்தை அடுத்த வகுப்புக்குப் போயிருக்கும்.

அந்த "வீட்டுக்குச் சென்று" என்ற இரண்டு வார்த்தை படுத்துகிற பாடு எழுத்தில் அடங்காது. வாசலில் இவன் நிற்கிறான், அந்தப் பக்கம் கதவைப் பாதி திறந்து அவள் நிற்கிறாள், நடுவில் பையை மாட்டிக்கொண்டு குழந்தை. ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்தில்தான் போன மாத ஜீவனாம்சம் ஏன் வரவில்லை என்பது வரும், பீரோவில் இருந்த நகை எங்கே போனது என்பது வரும், உங்க அம்மா அன்னைக்கு என்ன சொன்னாங்க என்பது வரும். இப்போது செல்போன் வேறு. இரண்டு பக்கமும் வீடியோ எடுக்கிறார்கள், பின்னால் சாட்சிக்கு ஆகும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு குழந்தை தன் அப்பாவைப் பார்க்கப் போகும்போது அம்மா கையில் கேமரா, அப்பா கையில் கேமரா. பக்கத்து வீட்டுக்காரர்கள் கோலம் போடுகிற சாக்கில் நின்று பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான், எனக்குத் தெரிந்த மற்ற குடும்பங்களிலும் அச்சு அசலாக இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனாலே குழந்தை வயிறு வலிக்கிறது என்றது. அம்மா வீட்டார், "பாத்தீங்களா, அப்பாகிட்ட போகப் பிடிக்கல" என்றார்கள். எங்கள் வீட்டில், "சொல்லிக்கொடுத்து அனுப்புறாங்க" என்றார்கள். வாசலை நினைத்துத்தான் அதற்கு வயிறு வலித்தது என்பது இரண்டு பக்கத்துக்கும் தோன்றவில்லை.

வாசலில் சரிப்படவில்லை என்றதும் அடுத்து எல்லோரும் போகிற இடம் மகளிர் காவல் நிலையம். 1992-ல் ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் நிலையம் திறந்ததிலிருந்து எத்தனையோ பெண்களுக்கு அது பெரிய துணை, அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் குழந்தையைக் கைமாற்றுகிற இடம் அது இல்லை சார். நாங்கள் கொஞ்ச நாள் அப்படிச் செய்தோம். ஒரு பக்கம் அடிபட்ட முகத்தோடு ஒரு பெண் புகார் எழுதிக்கொண்டிருப்பாள், இன்னொரு பக்கம் காதல் திருமணம் செய்துகொண்டு வந்த ஜோடியும் அவர்களைத் தேடி வந்த சொந்தக்காரர்களும் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள், எஸ்.ஐ. அம்மாவுக்கு நாலு போன். எங்கள் குழந்தை பெஞ்சில் கால் எட்டாமல் உட்கார்ந்து, "அத்தை, அப்பாவ ஜெயில்ல போடுவாங்களா?" என்று கேட்டது. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும் கேட்டது. அங்கே இருந்த போலீஸ்கார அம்மா ஒருவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வேற இடம் பாத்துக்கங்கம்மா, புள்ளைக்கு நல்லதில்ல" என்றார். அவருக்குப் புண்ணியம்.

நீதிபதிகளுக்கு இது தெரியாமல் இல்லை. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தனி நீதிபதி, குழந்தையைப் பார்க்க வரும் கணவனை மனைவி விருந்தாளி போல நடத்த வேண்டும், டீ பலகாரம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது பேப்பரில் எல்லாம் வந்தது. அப்பீலில் இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்துவிட்டது. அந்த நீதிபதியின் நல்ல எண்ணம் எனக்குப் புரிகிறது, அப்பா அம்மா சண்டை போடுவதைக் குழந்தை பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் மனம் விட்டுப்போன இரண்டு பேரை உட்காரவைத்து டீ குடிக்கச் சொல்வதைவிட, அவர்கள் சந்திக்கவே தேவையில்லாமல் ஒரு வழி செய்துவிடலாம். அது சுலபம். செலவும் இல்லை.

எங்கள் வழி இப்படி அமைந்தது. அம்மா வீடு ஷெனாய் நகர் பக்கம், அப்பா வீடு குரோம்பேட்டை. பரங்கிமலையில் மெட்ரோ வந்து நிற்கும், அங்கேயே மின்சார ரயிலும் ஏறலாம். அந்தப் பக்கத்திலிருந்து குழந்தையின் தாய்மாமன் கூட்டி வருவான், இந்தப் பக்கத்திலிருந்து நான் போவேன். தாய்மாமன் என்றால் ஏதோ பெரிய மீசை என்று நினைக்க வேண்டாம், பாலிடெக்னிக் முடித்துவிட்டு அம்பத்தூரில் வேலை பார்க்கும் பையன், என்னை அக்கா என்பான். காது குத்தும்போது அவன் மடியில்தான் உட்கார்ந்து குழந்தை அழுதது. இப்போது அவன் கையிலிருந்து என் கைக்கு வருகிறது. டிக்கெட் கவுன்டர் பக்கம் சந்திப்போம், கேமரா இருக்கிற இடம், ஆள் நடமாட்டமும் உண்டு. சாப்பிட்டியா, ரயில் கூட்டமா, அவ்வளவுதான் பேச்சு. குழந்தை மாமாவுக்கு டாட்டா காட்டிவிட்டு என்னோடு வரும். திரிசூலம் வரும்போது விமானம் இறங்குகிறதா என்று ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்க்கும். வெள்ளிக்கிழமை வயிற்றுவலி எப்போது நின்றது என்று யாரும் குறித்துவைக்கவில்லை, ஆனால் நின்றுவிட்டது.

பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு போகும், வரும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, தேவை வந்து தானாக ஆரம்பித்தது. குழந்தைக்கு வீசிங் உண்டு. இளைப்பு வந்தால் நீலப் பம்பை, அதாவது இன்ஹேலரை, ஸ்பேசர் என்கிற குழாய் வைத்துக் கொடுக்க வேண்டும். எப்போது கொடுத்தோம், எத்தனை பஃப் என்று தெரியாமல் அடுத்த வீட்டில் மறுபடி கொடுத்தால் வம்பு. முன்பெல்லாம் அது வாசலில் கத்திச் சொல்கிற விஷயமாக இருந்தது, அவன் சொன்னதை அவள் நம்ப மாட்டாள். இப்போது நோட்டில் என் தம்பி எழுதுகிறான்: சனி இரவு 9.20, இரண்டு பஃப், பிறகு தூங்கிவிட்டாள். கீழே அவள் எழுதுகிறாள்: திங்கள் கணக்கு டெஸ்ட், ஏழாம் வாய்ப்பாடு. அதற்கு மேல் எழுதக் கூடாது என்று நானும் அந்தப் பையனும் கறாராகச் சொல்லிவிட்டோம். ஒரு சனிக்கிழமை குழந்தை ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டியது, உள்ளே ஒரு பால் பல். அம்மா வீட்டில் விழுந்ததாம், அப்பாவுக்குக் காட்ட வேண்டுமாம், ஆனால் சாணியில் உருட்டிக் கூரையில் எறிவது ஆயா வீட்டில்தானாம். நோட்டில் அவள் எழுதியிருந்தாள்: பல் ஒன்று, பத்திரமாகத் திருப்பி அனுப்பவும். என் தம்பி அந்தப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான், பிறகு அதே காகிதத்தில் மடித்து, "பெற்றுக்கொண்டேன், திருப்பி அனுப்பியுள்ளேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வக்கீல் நோட்டீசில் இல்லாத மரியாதை அந்த இரண்டு வரியில் இருந்தது.

சரி, இதில் என்ன ஆட்சேபணை என்று கேட்டால் நிறைய இருக்கிறது. முதல் ஆட்சேபணை வக்கீல்களிடமிருந்து. அப்பா நேரில் வராவிட்டால், "பெற்ற குழந்தையை அழைக்கக்கூட வரவில்லை, அக்கறை இல்லாதவர்" என்று எதிர்த்தரப்பு தன் பதில் மனுவில் எழுதிவிடும் என்கிறார்கள். எழுதத்தான் செய்கிறார்கள். அதனாலேயே ஜுரத்தோடும், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமலும், சண்டை வரும் என்று தெரிந்தும் போய் நிற்கிற அப்பாக்கள் உண்டு. அதே மாதிரி அம்மா வெளியே வந்து நின்று ஒப்படைக்கவில்லை என்றால் "ஒத்துழைக்கவில்லை" என்று இவர்கள் எழுதுவார்கள். குழந்தையோடு இரண்டு நாள் இருப்பதுதான் அப்பாவின் உரிமையும் பொறுப்பும். ஸ்டேஷன் வரைக்கும் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போவது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதால் லாபம் யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் பெயரை உத்தரவில் போடச் சொல்கிறேன். வாய்மொழியாக ஒத்துக்கொண்டால் நாளைக்கு ஒரு மனஸ்தாபம் வந்ததும், நீ யாரு, உனக்கு என்ன அதிகாரம், குழந்தையைக் கடத்துகிறாயா என்பார்கள். எங்களுக்கே ஒருமுறை ரயில்வே போலீஸ்காரர் ஒருவர், குழந்தை அழுவதைப் பார்த்துவிட்டு, நீங்க யார், பாப்பாவுக்கு என்ன வேணும் என்று விசாரித்தார். தப்பே இல்லை, அப்படித்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் காட்டுவதற்கு என்னிடம் ஒரு காகிதம் கூட இல்லை. தாய்மாமன் இன்னும் மேல்படியில் நின்றுகொண்டிருந்ததால் ஓடி வந்தான், தப்பித்தேன்.

இரண்டாவது ஆட்சேபணை பெரியவர்களிடமிருந்து. குழந்தை என்ன கூரியர் பார்சலா, கை மாற்றிக் கை மாற்றி அனுப்புவதற்கு, பெற்றவர்கள் இருக்கும்போது யாரோ எதற்கு என்கிறார்கள். 2020-ல் யஷிதா சாஹு என்பவரின் குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தை இங்கும் அங்கும் தூக்கிப் போடும் பொருள் அல்ல என்றுதான் சொன்னது. கூடவே, குழந்தை யாரிடம் இல்லையோ அந்தப் பெற்றோருக்கும் தாராளமாகப் பார்க்கவும் பேசவும் வழி இருக்க வேண்டும், வீடியோ காலிலாவது பேச வேண்டும் என்றும் சொன்னது. அந்த வழி அடைபடுவது பெரும்பாலும் வாசலில்தான். நாலு தடவை வாசலில் சண்டை நடந்தால் ஐந்தாவது தடவை ஏதாவது ஒரு பக்கம், வேண்டாம் விடு, வளர்ந்து அதுவே வரட்டும் என்று விட்டுவிடுகிறது. அப்படி விட்டுப்போன அப்பாக்களை எனக்குத் தெரியும். குழந்தை அப்பா வீட்டில் இருக்க, பார்க்க முடியாமல் போன அம்மா ஒருவரையும் தெரியும். அத்தையோ மாமாவோ தாத்தாவோ கூட்டிப் போவதற்கும் பார்சலுக்கும் வித்தியாசம் குழந்தைக்கு நன்றாகத் தெரியும்.

அதற்காக யார் வேண்டுமானாலும் போகலாம் என்று நான் சொல்லவில்லை. ஆப்பில் கார் புக் செய்து டிரைவரோடு தனியாகக் குழந்தையை அனுப்புகிறார்கள், கேட்டால் லைவ் லொகேஷன் பார்க்கிறோமே என்கிறார்கள். ஐயோ என்று இருக்கிறது. அப்புறம் இரண்டாவது திருமணம் முடிவான கையோடு அந்தப் புது ஆளை, அல்லது புதுப் பெண்ணை, முதல் வேலையாகக் குழந்தையைக் கூட்டிவர அனுப்புவது, இதைவிடச் சீண்டல் வேறு வேண்டியதில்லை. வழக்கில் நேரடியாக மல்லுக்கு நிற்கிற மாமனார் மாமியாரும் வேண்டாம். குழந்தைக்கு முன்பே பழக்கமான ஆளாக இருக்க வேண்டும், போன் எடுக்கிற ஆளாக இருக்க வேண்டும், முக்கியமாக வாயை மூடிக்கொள்ளத் தெரிய வேண்டும். ரயிலில் போகும்போது, "அம்மா வீட்டுக்கு யாரு யாரு வந்தாங்க, என்ன வாங்கினாங்க" என்று குழந்தையின் வாயைக் கிளறுகிற ஆள் போவதைவிடப் போகாமலே இருக்கலாம். என் அம்மாவுக்குத்தான், அதாவது குழந்தையின் அப்பாயிக்குத்தான், இந்த வேலைக்கு ஆசை அதிகம். கவுன்சிலர் வேண்டாம் என்றார். சரியாகத்தான் சொன்னார், என் அம்மா இதைப் படித்தால் என்னோடு ஒரு வாரம் பேச மாட்டார்.

இதுவரை நான் சொன்னது மனக்கசப்பு உள்ள வீடுகளைப் பற்றி. அடி உதை நடந்த வீடுகள் வேறு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் கணவன் நெருங்கக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவில் குழந்தையைத் தற்காலிகமாக யாரிடம் விடுவது, மற்றவர் எப்படிப் பார்ப்பது என்று மாஜிஸ்திரேட் ஏற்பாடு செய்யலாம், குழந்தைக்குக் கெடுதல் என்று தோன்றினால் பார்க்கவே அனுமதி மறுக்கலாம். சரி, அனுமதி கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். நெருங்கக் கூடாது என்று ஒரு காகிதம், குழந்தையை வாங்கிக்கொள்ளலாம் என்று இன்னொரு காகிதம். எப்படி வாங்குவது? அந்தப் பெண் எங்கே குடியிருக்கிறாள் என்றே அவனுக்குத் தெரியக் கூடாது என்கிற கேஸ் உண்டு. அங்கே அத்தை, மாமா எல்லாம் உதவாது, சொந்தக்காரர்கள் மிரட்டலுக்குப் பயப்படுவார்கள், சில சமயம் விலாசத்தைச் சொல்லியும் விடுவார்கள். அங்கே பயிற்சி பெற்ற வெளி ஆள் வேண்டும், தனி இடம் வேண்டும். குழந்தை அப்பாவோடு இருக்கும் நேரம் முழுக்க ஒருவர் கூட இருக்கவும் வேண்டியிருக்கலாம்.

பிரிட்டனில் இதற்கென்றே கான்டாக்ட் சென்டர் என்று வைத்திருக்கிறார்கள். பெரிய கட்டடம் எல்லாம் கிடையாது, பல ஊரில் சர்ச் ஹாலிலும் சமூகக் கூடத்திலும்தான் நடக்கிறது, நிறைய இடத்தில் தன்னார்வலர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மத்திய அரசு பணம் கொடுத்து இதே மாதிரி மையங்களை நடத்துகிறது. ஒருவர் கொஞ்சம் முன்னால் வந்து குழந்தையை விட்டுவிட்டுப் போய்விட வேண்டும், மற்றவர் அதன் பிறகு வேறு வழியாக வந்து கூட்டிப் போக வேண்டும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள். இடையில் குழந்தை அங்கே பொம்மையோடு விளையாடிக்கொண்டிருக்கும். இவ்வளவுதான் விஷயம், இதற்கு ராக்கெட் விட வேண்டியதில்லை.

நம்மிடம் இதற்குச் சட்டத்தில் இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1984-ல் வந்த குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 5-ஆவது பிரிவே, சமூக நல அமைப்புகளையும் குடும்ப நலத்தில் அனுபவம் உள்ளவர்களையும் நீதிமன்றத்தோடு இணைத்துக்கொள்ள, உயர் நீதிமன்றத்தைக் கலந்து மாநில அரசு விதி செய்யலாம் என்கிறது. 6-ஆவது பிரிவு கவுன்சிலர்களைப் பற்றியது. 2015-ல் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் கஸ்டடி, விசிட்டேஷன் எல்லாவற்றுக்கும் வழிகாட்டுதல்கள் எழுதி அரசுக்குக் கொடுத்தது. வழக்கைப் பேசித் தீர்க்கும் சமரச மையம் என்று பார்த்தால் நாட்டுக்கே முன்னோடி நாம்தான், நீதிமன்றத்தோடு சேர்ந்த சமரச மையத்தை 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் முதலில் தொடங்கினார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அதில் சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களில் விருப்பமுள்ள சிலருக்குக் குழந்தைகளோடு பழகப் பயிற்சி கொடுத்து, போலீஸ் சரிபார்ப்பும் முடித்து, சனி ஞாயிறு மட்டும் உட்காரவைத்தால் பாதி வேலை முடிந்தது.

இடத்துக்குப் பஞ்சமா? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவில் பெரிய மரம் ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனி இடம் உண்டு. சின்ன ஊரில் லீவு நாளில் பூட்டிக் கிடக்கும் அங்கன்வாடியும் சமுதாயக் கூடமும் போதும். நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே வைத்துப் பார்க்கச் சொல்கிறார்களே, அதைத் தயவுசெய்து கடைசி வழியாக வையுங்கள். கறுப்புக் கோட்டுக்கும் கேஸ் கட்டுக்கும் நடுவில் ஒரு குழந்தை அப்பாவிடம் என்ன பேசும்?

இதில் சொந்தக்காரர்கள் அக்கம்பக்கம் இல்லாதவர்கள் கதியைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். எனக்கு ஒரு தம்பி, அவளுக்கு ஒரு தம்பி, ஏதோ ஓடுகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் குடியிருக்கிற, வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த ஜோடிக்கு யார் இருக்கிறார்கள்? வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு பிரிந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் ஆள் கிடையாது. அவர்கள்தான் கடைசியில் பேக்கரி வாசலிலும் பெட்ரோல் பங்கிலும் நின்று குழந்தையைக் கைமாற்றுகிறார்கள்.

பள்ளிக்கூடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா பள்ளியிலிருந்து கூட்டிப் போய், திங்கட்கிழமை காலை பள்ளியிலேயே விட்டுவிட்டால் யாரும் யாரையும் பார்க்க வேண்டாம், மூன்றாவது ஆளும் வேண்டாம். இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பேன். ஆனால் பள்ளிகள் பயப்படுகின்றன. யாரிடம் விட்டாலும் மற்றவர் வந்து சண்டை பிடிப்பார் என்று, உங்கள் குடும்பப் பிரச்சினையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். கிளாஸ் டீச்சர் பாவம், அவர் என்ன செய்வார். நீதிமன்ற உத்தரவின் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு, அதில் பெயர் உள்ளவர்களிடம் மட்டும் குழந்தையை அனுப்பலாம் என்று கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டால் பள்ளிக்கும் பாதுகாப்பு. இதற்கும் உத்தரவில் பெயர் இருக்க வேண்டும், பாருங்கள், சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது.

செலவு யார் கொடுப்பது என்று ஒருவர் கேட்டார். எனக்கு ரயில் சார்ஜ்தான், அதையும் தம்பி கார்டில் போட்டுவிடுகிறான். வெளி ஆள் வைத்தால் இரண்டு பேரும் அவரவர் வருமானத்துக்குத் தக்கபடி பகிர்ந்துகொள்ளட்டும், முடியாதவர்களுக்கு இலவச சட்ட உதவி மாதிரி இதையும் கொடுக்கட்டும்.

எங்கள் விசிட்டேஷன் உத்தரவை மாற்றச் சொல்லி இரண்டு பக்க வக்கீல்களும் சேர்ந்து ஒரு மெமோ, அதாவது எழுத்துக் குறிப்பு, தயாரித்திருக்கிறார்கள், அடுத்த வாய்தாவில் தாக்கலாகிறது. சேர்ந்து என்பதைக் கவனியுங்கள், இந்த வழக்கில் அவர்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் இதுதான். யாருக்காவது உதவும் என்று அதில் உள்ளதை எளிய தமிழில் கீழே தருகிறேன், உங்கள் வக்கீலிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்:

"குழந்தையைத் தாயார் தரப்பில் அதன் தாய்மாமனும், தகப்பனார் தரப்பில் அதன் அத்தையும் ரயில் நிலையத்தில் வைத்து ஒப்படைக்கவும் பெற்றுக்கொள்ளவும் செய்வார்கள். இருவரின் அடையாள அட்டை நகலும் கைபேசி எண்ணும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. இவர்களில் ஒருவர் வர இயலாதபோது வேறு யார் வருவது என்பதை முந்தைய நாள் இரவு 8 மணிக்குள் குறுஞ்செய்தியில் தெரிவித்து, மற்ற தரப்பின் சம்மதம் பெற வேண்டும். ரயில் தாமதம் போன்ற காரணங்களால் ஒரு மணி நேரம் வரை ஏற்படும் தாமதம் உத்தரவை மீறியதாகாது. ஒப்படைக்கும் இடத்தில் பெற்றோர் இருவரும் இருக்க வேண்டியதில்லை. அவர்கள் வராததை அக்கறையின்மை என்று எந்தத் தரப்பும் எந்த மனுவிலும் குறிப்பிடக் கூடாது."

என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம், குழந்தை படிக்கும் பள்ளியில் உங்கள் பேப்பர் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் அத்தை